படகு, சுரங்கம், கிட்டங்கி: ஹாம்பர்க்கில் இரண்டு நாள்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் வெள்ளிக்கிழமை மதியம் பேச்சுக் கொடுத்தால், "இந்த வாரம் பிராக், அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாம், நாலு நாள் லீவு வந்தால் இத்தாலி" என்று பட்டியல் விரியும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புவதற்குள் பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்கிற துடிப்பு. ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூக்கம், விடிந்ததும் ஏதாவது ஒரு கோபுரத்துக்கு முன்னால் படம், மறுபடி பஸ். திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு உடம்பு மட்டும்தான் வந்து சேரும்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடல் கடந்து வந்து சம்பாதிக்கிறவர்களுக்குச் சனி, ஞாயிறு இரண்டும் பொன்னான நாட்கள். ஆனால் அந்த இரண்டு நாளையும் ஒரே ஊருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஹானோவரில் வேலை பார்க்கும் எனக்கு அப்படி வாய்த்த ஊர் ஹாம்பர்க்.

பெர்லினுக்கு அடுத்தபடி ஜெர்மனியின் பெரிய நகரம் அது. ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப் துறைமுகங்களுக்கு அடுத்து ஐரோப்பாவில் அதிகமான கன்டெய்னர்கள் வந்து போவது இங்கேதான். இத்தனைக்கும் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வட கடலிலிருந்து எல்பே நதி வழியாக உள்ளே வரும் கப்பல், ஊர் நடுவே, தேவாலயக் கோபுரங்களுக்கு எதிரே வந்து நிற்கும். கரையில் நடக்கிறவரின் கண் முன்னாலேயே துறைமுகம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் சுற்றுலாப் பயணிக்காகக் கட்டப்பட்டவை கிடையாது. சுரங்கம் கப்பல் கட்டும் தொழிலாளிக்காகத் தோண்டப்பட்டது. படகு ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்காக ஓடுகிறது. கிட்டங்கிகள் காப்பி மூட்டை அடுக்க எழுந்தவை. அந்நிய தேசத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மெதுவான வண்டியில்

ஹானோவரிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் போதும். நான் சொல்வது மெதுவான வண்டி. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான ஜெர்மனி டிக்கெட் 2025-இல் 58 யூரோ ஆனது. அதற்குப் பிறகும் விலை ஏறியிருக்கிறது. ஆனாலும் மாதம் முழுக்க நாடெங்கும் உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஆபீசுக்குப் போய்வர வாங்கிய அதே டிக்கெட் ஹாம்பர்க் படகிலும் செல்லும்.

வழியில் ஊல்ட்சன் என்று ஒரு சின்ன ஊர். வியன்னா ஓவியர் ஹுண்டர்ட்வாசர் மாற்றி வடிவமைத்த அதன் ரயில் நிலையத்தில் வண்ண ஓடு பதித்த வளைந்த தூண்களும் நெளிந்த சுவர்களும் இருக்கின்றன. அடுத்த வண்டிக்கு அரை மணி இருந்தால் இறங்கிச் சுற்றி வரலாம். அதற்கப்புறம் லூனபர்க், பிறகு ஹார்பர்க், பிறகு எல்பே பாலங்கள். பாலத்தைத் தாண்டும்போது இரு பக்கமும் கிரேன்கள் தெரிய ஆரம்பிக்கும்.

ஏறி இறங்கும் நதி

முதலில் போக வேண்டிய இடம் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத் துறை. கிட்டத்தட்ட 700 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீரில் மிதக்கிற மேடை அது. கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் நடைபாலங்களைக் கவனியுங்கள். காலையில் செங்குத்தாக இறங்கிய பாலம் மதியம் தட்டையாகக் கிடக்கும். கடல் அத்தனை தூரத்தில் இருந்தாலும் அதன் ஓதம் நதி வழியாக இங்கே வரை ஏறி வந்து, நாளுக்கு இரண்டு முறை தண்ணீரை மூன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்தி இறக்குகிறது. மேடைக்குப் பக்கத்தில் உள்ள கோபுரத்தில் அப்போதைய நீர்மட்டம் தெரியும்படி அளவு வைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தை இவ்வூர் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 1962 பிப்ரவரி 16 இரவு புயல் வெள்ளம் கரைகளை உடைத்துக்கொண்டு புகுந்ததில் ஹாம்பர்க்கில் மட்டும் 315 பேர் இறந்தார்கள். பலரும் வில்ஹெல்ம்ஸ்பர்க் என்ற தாழ்வான தொழிலாளர் பகுதியில் வாழ்ந்தவர்கள். அப்போது நகரத்தின் காவல்துறைப் பொறுப்பில் இருந்த ஹெல்முட் ஷ்மிட், சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ராணுவத்தை மீட்புக்கு அழைத்தார். பிற்காலத்தில் நாட்டின் பிரதமர் பதவிக்கு உயர்ந்தவர் அவர். இப்போது புதிதாகக் கட்டியிருக்கும் துறைமுகக் குடியிருப்பான ஹாஃபன்சிட்டியில் தெருக்களையும் கட்டடங்களையும் கடல் மட்டத்திலிருந்து எட்டு, ஒன்பது மீட்டர் உயரமான மேடுகள் மேல் எழுப்பியிருப்பதற்கு அந்த இரவுதான் காரணம்.

படகுத் துறையில் ஒரு மணி நேரச் சுற்றுலாப் படகுக்கு ஆட்கள் கூவி அழைப்பார்கள். நீங்கள் 62-ஆம் எண் படகுக்குப் போங்கள். 1888-இல் தொடங்கிய ஹாடாக் நிறுவனத்தின் பயணிகள் படகு இது. அதன் வடிவத்தை வைத்து ஊர்க்காரர்கள் செல்லமாக 'இஸ்திரிப்பெட்டி' என்கிறார்கள். ஃபின்கன்வெர்டர் வரை அரை மணி நேரம். அந்தக் கரையில் ஏர்பஸ் விமானத் தொழிற்சாலை இருக்கிறது. வார நாட்களில் இதில் ஏறுகிறவர்கள் கையில் சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை அந்த இருக்கைகள் நமக்கு. மேல்தளத்தில் காற்று அடித்து நொறுக்கும். கோடையிலும் ஜாக்கெட் வேண்டும்.

போகும்போதோ திரும்பும்போதோ நாய்மூலன், ஓவல்கோனே துறையில் இறங்க வேண்டும். முதலில் பழைய மரக்கலங்களும் நீராவிப் படகுகளும் கட்டிக் கிடக்கும் சிறிய அருங்காட்சியகத் துறை. அதைத் தாண்டினால் கப்பல் தலைவர்களும், கப்பலுக்கு நதியில் வழிகாட்டும் பைலட்டுகளும் ஒரு காலத்தில் வாழ்ந்த குட்டிக் குட்டி வீடுகள். வீட்டு வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே போகிற பாதை அத்தனை ஒடுக்கம். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அப்புறம் மணல். நதிக்கரையில் நல்ல கடற்கரை மணல்!

அந்த மணலில் 217 டன் எடையுள்ள ஒரு கருங்கல் பாறை கிடக்கிறது. பெயர் 'வயதான ஸ்வீடன்காரர்'. 1999-இல் நதியை ஆழப்படுத்தும்போது அகப்பட்டது. சுமார் நான்கு லட்சம் வருடங்களுக்கு முன், ஒரு பனியுகத்தில், ஸ்வீடனின் தெற்குப் பகுதியிலிருந்து பனிப்பாளம் இதைத் தள்ளிக்கொண்டு வந்து இங்கே விட்டிருக்கிறது. பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடுகிறார்கள். எதிர்க்கரையில் கன்டெய்னர் முனையம். 400 மீட்டர் நீளக் கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில் மதியம் முழுவதையும் செலவழிப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பொருள் எப்படி உலகம் சுற்றி வருகிறது என்பதை இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் காட்டாது.

பசித்தால் கரையோரக் கடைகளில் மீன் பன் கிடைக்கும். ரொட்டியைப் பிளந்து உப்பில் பதப்படுத்திய ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் வைத்துத் தருவார்கள். ஹெர்ரிங் நம் மத்தி மீனின் குடும்பம்தான். பதப்படுத்திய மீனைச் சமைக்காமலே தின்பது முதலில் தயக்கமாக இருக்கும். தயங்குகிறவர்களுக்கு வறுத்த மீன் வைத்த பன் உண்டு. சைவக்காரர்களுக்கு ஃப்ரான்ஸ்ப்ரோட்ஷன்: வெண்ணெயும் பட்டைத்தூளும் சேர்த்து மடித்துச் சுட்ட ரொட்டி. பட்டை வாசனை ரயில் நிலையத்திலிருந்தே உங்களை வழிமறிக்கும்.

நதிக்கு அடியில்

படகுத் துறைக்குப் பக்கத்தில், கோவில் மாதிரி பச்சைக் கும்மட்டம் போட்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. உள்ளே போனால் பெரிய கிணறு. படியிலோ லிஃப்டிலோ 24 மீட்டர் கீழே இறங்கினால் எல்பே நதிக்கு அடியில் 426 மீட்டர் நீளச் சுரங்கம். 1911-இல் திறந்தது. நடப்பவருக்குக் கட்டணம் கிடையாது.

இதன் கதை கேட்கத் தக்கது. நகரம் வடகரையில், கப்பல் கட்டும் தளங்கள் தென்கரையில். தினமும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் படகில் அக்கரை போக வேண்டும். மூடுபனியும் குளிர்காலத்துப் பனிக்கட்டியும் படகை நிறுத்தினால் வேலையும் நின்றது. பாலம் கட்டலாம் என்றால், உயரப் பாய்மரக் கப்பல்கள் கீழே போக முடியாது. எனவே சுரங்கம். நதிப்படுகையின் சேறும் தண்ணீரும் உள்ளே புகாமல் இருக்க, அழுத்தப்பட்ட காற்றை நிரப்பி, அந்தக் காற்றுக்குள்ளேயே ஆட்களை இறக்கித் தோண்டினார்கள். அந்த அழுத்தத்திலிருந்து வேகமாக வெளியே வந்தால் ரத்தத்தில் குமிழ்கள் உண்டாகும். மூட்டுகள் முறுக்கும், கைகால் செயலிழக்கும், உயிரும் போகலாம். ஆழ்கடல் மூழ்காளிகளுக்கு வருகிற அதே நோய். சுமார் 4,400 பேர் வேலை செய்த இந்தச் சுரங்கத்தில் நூற்றுக்கணக்கானோரை அது தாக்கியது. மூன்று பேர் இறந்தார்கள்.

சுவரில் வெள்ளை ஓடுகள் பளபளக்கின்றன. இடையிடையே மீன், நண்டு, எலி என்று நதியின் உயிர்களைச் சுடுமண் சிற்பமாகப் பதித்திருக்கிறார்கள். ஷிஃப்டுக்கு ஓடுகிற தொழிலாளி மட்டுமே பார்க்கப் போகிற இடத்தில், அவர் கண்ணுக்காக இத்தனை கலைநயம் செய்து வைத்த பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. தென்கரையில் மேலே ஏறி வந்தால் ஹாம்பர்க் முழுவதும் எதிரே தெரியும். மாலை வெயிலில் நகரத்தைப் பார்க்க இதுதான் சரியான இடம், கூட்டமும் குறைவு.

அங்கிருந்து தெரிகிற கட்டடங்களில் அலை போன்ற கூரையுடன் நிற்பது எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கம். கோகோவும் தேயிலையும் புகையிலையும் அடுக்கிய பழைய செங்கல் கிட்டங்கியின் தலைமேல் கண்ணாடி அரங்கத்தைக் கட்டியிருக்கிறார்கள். 2010-இல் திறப்பதாகச் சொல்லி 2017 ஜனவரியில் திறந்தார்கள். நகரத்துக்கு 77 மில்லியன் யூரோ செலவு என்று தொடங்கியது 789 மில்லியனில் முடிந்தது. வரி கட்டியவர்களின் கோபம் நியாயமானது. ஆனாலும் 37 மீட்டர் உயரத்தில் கிட்டங்கிக்கும் அரங்கத்துக்கும் இடையே உள்ள திறந்த தளத்தைக் கச்சேரிக்கு வராதவர்களும் ஏறிப் பார்க்கும்படி விட்டது நல்ல முடிவு.

ஷ்பைஷர்ஷ்டாட் கிட்டங்கித் தெருக்களை அந்தி சாயும் நேரத்தில் பார்க்க வேண்டும். கால்வாய்க்கு இருபுறமும் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குச் செங்கல் கிட்டங்கிகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் சரக்குத் தூக்கும் கப்பி. படகிலிருந்து காப்பி, மிளகு, கம்பளம் நேராக மேல்மாடிக்கு ஏறின. 1888-இல் ஹாம்பர்க் ஜெர்மனியின் சுங்க எல்லைக்குள் சேர்ந்தபோது, தீர்வை கட்டாமல் சரக்கு வைத்திருக்க ஒரு பகுதி வேண்டும் என்று வணிகர்கள் கேட்டு வாங்கியது இது. அதற்காக அங்கே குடியிருந்த சுமார் 20,000 பேரைக் கிளப்பிவிட்டு வீடுகளை இடித்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் பலர் தங்கள் வேலையிடத்திலிருந்து வெகுதூரம் போய்க் குடியேற வேண்டியதாயிற்று. 2015-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அழகை ரசிக்கும்போது அந்த 20,000 பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேயே ஒரு கிட்டங்கிக்குள் உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் உலகமான மினியாட்டூர் வுண்டர்லாண்ட் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே டிக்கெட் வாங்குங்கள். பீட்டில்ஸ் 1960 முதல் 1962 வரை பாடிப் பக்குவப்பட்ட ஸாங்க்ட் பவுலி பகுதியும் நடக்கிற தூரம்தான். இசைப் பிரியர்கள் போகலாம். இரவின் ஆரவாரம் பிடிக்காதவர்கள் தவிர்க்கலாம். நான் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு 'மிஹெல்' என்று ஊரே அழைக்கும் தூய மிக்கேல் தேவாலயத்தின் கீழே நிற்கச் சொல்வேன். 132 மீட்டர் கோபுரத்திலிருந்து ஒருவர் நான்கு திசைக்கும் டிரம்பட் ஊதுவார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கம்.

ஞாயிறு

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த அமைதியே ஊர் நினைப்பைக் கிளறிவிடும். ஹாம்பர்க்கில் அதற்கு மாற்று இருக்கிறது: மீன் சந்தை. 1703 முதல் கூடுகிறது. கோடையில் காலை 5 மணி, குளிர்காலத்தில் 7 மணி. தேவாலயப் பூசைக்கு முன் முடிந்துவிட வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டின்படி இப்போதும் 9.30-க்குக் கடை கட்டிவிடுகிறார்கள். இப்போது மீனைவிடப் பழக்கூடை, பூச்செடி, துணிமணி அதிகம். வியாபாரிகள் லாரி மேல் நின்று, விலையைக் குறைத்துக்கொண்டே தொண்டை கிழியக் கத்துகிறார்கள். வாரம் முழுக்க அமைதியான வரிசைகளில் நின்று பழகிய நமக்கு அந்தச் சத்தம் நன்றாக இருக்கும். 1896-இல் கட்டிய மீன் ஏலக் கூடத்துக்குள் இசைக்குழு வாசிக்க, இரவெல்லாம் விழித்தவர்களும் அப்போதுதான் எழுந்தவர்களும் ஒன்றாக ஆடுவார்கள்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் ஃபெடல் தீவுக்கு ரயில் ஏறுங்கள். எனக்கு ஹாம்பர்க்கில் மிக முக்கியமான இடம் அங்கே இருக்கிற பாலின்ஷ்டாட். 1850-க்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் இந்தத் துறைமுகம் வழியாகப் புதிய உலகத்துக்குக் கப்பல் ஏறினார்கள். ஜெர்மானியர்கள், போலந்துக்காரர்கள், ரஷ்யாவில் வதைபட்ட யூதர்கள். அவர்களை ஏற்றிச் சென்ற ஹாபாக் நிறுவனத்தின் தலைவர் ஆல்பர்ட் பாலின், 1901-இல் ஃபெடலில் அவர்களுக்கென்று விடுதிகள் கட்டினார். படுக்கை, குளியல், சாப்பாட்டுக் கூடம், யூதர்களுக்குத் தனிச் சமையல், தேவாலயம், மருத்துவச் சோதனை எல்லாம் அங்கே இருந்தன.

இதில் கருணையோடு கணக்கும் இருந்தது. 1892-இல் ஹாம்பர்க்கில் காலரா வந்து சில வாரங்களில் சுமார் 8,600 பேர் மாண்டார்கள். நகரம் எல்பே தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. ஒட்டியிருந்த ஆல்டோனா ஊர் அதே நதித் தண்ணீரை மணலில் வடிகட்டிக் குடித்தது. அங்கே சாவு மிகக் குறைவு. ஆய்வுக்கு வந்த ராபர்ட் கோக், ஊர் எல்லையே சாவின் எல்லையாக இருந்ததைக் காட்டினார். ஆனால் பழி முதலில் விழுந்தது, ரஷ்யாவிலிருந்து வந்து கப்பலுக்குக் காத்திருந்த ஏழைகள் மேல். எல்லைகள் மூடப்பட்டன. நோயாளி என்று அமெரிக்கா திருப்பி அனுப்பினால், திரும்பி வரும் செலவும் கப்பல் கம்பெனி தலையில். அதனால்தான் ஆரோக்கியமான, ஒதுக்குப்புறமான விடுதிகள் தேவைப்பட்டன. அவற்றில் மூன்றை மறுபடி கட்டி 2007-இல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். மரப்பெட்டிகள், இரும்புக் கட்டில்கள், கடிதங்கள். 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியலில் பெயர், வயது, தொழில், ஊர். கைப்பெட்டியோடும் வேலை உத்தரவோடும் விமானம் ஏறி வந்த நமக்கு அந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது.

அதே கப்பல்களின் முதல் வகுப்புப் பயணிகள் தங்க 1909-இல் ஆல்ஸ்டர் ஏரிக் கரையில் அட்லாண்டிக் ஓட்டல் எழுந்தது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்; அந்த வெள்ளைக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது பாருங்கள். 1942 செப்டம்பர் 11 அன்று அங்கே நேதாஜி கலந்துகொண்ட ஜெர்மன்-இந்தியச் சங்கத் தொடக்க விழாவில் வாத்தியக் குழு 'ஜன கண மன' வாசித்தது. நாடு அதைத் தேசிய கீதமாக ஏற்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கும் மேல் முந்திய நிகழ்வு. ஹிட்லரின் ஆட்சிக் காலம் அது. அடுத்த ஆண்டு ஜூலையில் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசியதில் இந்நகரத்தில் 30,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கூரையில்லாமல் கோபுரம் மட்டும் எஞ்சி நிற்கும் தூய நிக்கோலாய் தேவாலயம் அந்த நாட்களின் நினைவுச் சின்னம்.

அதே ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி ஹாம்பர்க் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராசிரியர் ஈவா வில்டன் தலைமையில் சங்க இலக்கியச் சுவடி ஆய்வும் பழந்தமிழ் அகராதிப் பணியும் அங்கே நடந்துவருகின்றன. ஞாயிற்றுக்கிழமை கதவு பூட்டியிருக்கும். ஆனாலும் அந்த வீதியில் நடக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

இதைப் படிக்கிற நீங்கள் ஜெர்மனியில் வேலையில் இருந்தால், உங்கள் ஆபீசில் சமீபத்தில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். வார இறுதி முழுவதும் அறைக்குள் ஃபோனோடு கிடப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஹாம்பர்க்குக்கு மெதுவான வண்டியில் ஏறுங்கள். அவர் ஜெர்மனி டிக்கெட் வாங்கியிருக்காவிட்டால் முதல் மாதத்துக்கு நீங்களே வாங்கிக் கொடுங்கள்.